பூக்கூடையில் வாய்ப்பாடு

பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே பூ வந்துவிடும். மூட்டை மூட்டையாக வரும். மல்லிகை, கனகாம்பரம், செவ்வந்தி, ரோஜா எல்லாம் வரும். கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் என்பது அதன் முழுப்பெயர். அங்கே உதிரிப்பூ வாங்கி, வீட்டில் கட்டி, தெருவில் விற்கும் பெண்கள் பலர். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அம்மா பூ கட்டுகிறார். அப்பா தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போகிறார். மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் பாடம். வீட்டில் தமிழ்.

அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் பையனுக்கு வயிறு வலிக்கும். போன வாரம் வலித்தது. அதற்கு முந்தின வாரமும் வலித்தது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். பத்து மணி ஆனதும் வலி போய்விட்டது. பையன் தெருவில் கோலி ஆடினான்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமைதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

“என்னடா கண்ணு, செவ்வாய்க்கிழமை மட்டும் வலிக்குதா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்.

“இன்னிக்கு மக்கி ஒப்பிக்கணும்மா. எனக்கு வரல.”

மக்கி என்றால் கன்னடத்தில் வாய்ப்பாடு. பையனுக்கு 2-ஆம் வாய்ப்பாடு வரும். அதற்கு மேல் பாதியில் நின்றுவிடும். நின்றால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் வயிற்றுவலி.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. முதுகில் ஓர் அடி வைத்தார். “ஒழுங்காப் படி” என்றார். அடி வாங்கிய பையன் அழுதான். 3-ஆம் வாய்ப்பாடு அப்போதும் வரவில்லை.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்துதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எண்களை எழுதுவார். கூட்டுவார், கழிப்பார். ‘பெருக்கல் எனக்கு எங்கே தெரியும்?’ என்று நினைத்தார்.

ஆனால் அவருக்குப் பெருக்கல் தெரியும். தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

ஒரு முடிச்சுக்கு நாலு பூ

பூ கட்டுவதைப் பாருங்கள். நாரின் இந்தப் பக்கம் 2 பூ. அந்தப் பக்கம் 2 பூ. ஒரு முடிச்சு. ஆக, ஒரு முடிச்சுக்கு 4 பூ. அடுத்த முடிச்சுக்கு இன்னும் 4 பூ.

1 முடிச்சு, 4 பூ. 2 முடிச்சு, 8 பூ. 3 முடிச்சு, 12 பூ. 4 முடிச்சு, 16 பூ. 5 முடிச்சு, 20 பூ.

இதுதான் 4-ஆம் வாய்ப்பாடு. வேறு ஒன்றும் இல்லை. ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறோம். 4-உம் 4-உம் 4-உம் 12. அதையே சுருக்கி 3 × 4 = 12 என்று எழுதுகிறோம். ‘மூன்று தடவை நாலு’ என்று அதைப் படிக்கலாம்.

பல பிள்ளைகளுக்கு இந்தத் ‘தடவை’ தான் புரிவதில்லை. வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, “நாலு மூணு எவ்வளவு?” என்று கேட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, கணக்கு இல்லை. அதனால் வாயில் ஏற்றுவதற்கு முன்னால் கையில் கொடுக்க வேண்டும். பூ, புளியங்கொட்டை, பட்டாணி, தீக்குச்சி எதுவானாலும் சரி.

அம்மா அன்று சாயங்காலம் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் கட்டினார். அவன் நாலு நாலாக எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு முடிச்சுக்கும் எத்தனை பூ ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்தான். பத்து முடிச்சு ஆனதும் 40 என்றான்.

“அப்படியே திரும்பி வா” என்றார் அம்மா. “ஒரு முடிச்சு அவிழ்த்தா எவ்வளவு?”

“முப்பத்தாறு.”

“இன்னொண்ணு?”

“முப்பத்தி ரெண்டு.”

பின்னால் இருந்து சொல்வது நல்ல பழக்கம். முன்னால் இருந்து ஒப்பிப்பது வெறும் பாட்டாகிவிடலாம். பின்னால் இருந்து வரும்போது பிள்ளை கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

அடுத்தது முழம். பெங்களூருவில் பூவை முழத்திலும் விற்பார்கள், மாரிலும் விற்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மாரு. அதில் நாலு முழம். 3 மாருக்கு எத்தனை முழம்? மறுபடியும் 4-ஆம் வாய்ப்பாடுதான். ஒரு முழம் 20 ரூபாய் என்றால் 6 முழத்துக்கு எவ்வளவு? ஆறு இருபது, 120. இதை அந்த அம்மா தினமும் போடுகிறார். சில்லறையும் சரியாகக் கொடுக்கிறார். காகிதத்தில் எழுதியதில்லை, அவ்வளவுதான்.

திருப்பிப் பிடித்தால்

கடையில் முட்டை வாங்கியவர்கள் முட்டை அட்டையைப் பார்த்திருப்பார்கள். ஓர் அட்டையில் 30 முட்டை. ஒரு பக்கமாகப் பார்த்தால் 6 வரிசை, வரிசைக்கு 5 முட்டை. 6 × 5 = 30. அட்டையைத் திருப்பி வையுங்கள். இப்போது 5 வரிசை, வரிசைக்கு 6 முட்டை. 5 × 6 = 30. முட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வாய்ப்பாட்டில் இதைவிடப் பெரிய உதவி இல்லை. 3 × 8 தெரிந்த பிள்ளைக்கு 8 × 3-உம் தெரியும். ஒன்று படித்தால் இரண்டு கிடைக்கிறது. காலி அட்டை ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும்.

வீட்டில் இப்படி வரிசையாக இருக்கும் பொருள்கள் நிறைய உண்டு. இட்லித் தட்டில் குழிகள் இருக்கின்றன. மாத்திரை அட்டையில் 2 வரிசை, வரிசைக்கு 5. ஜன்னல் கம்பி, தரையின் கட்டங்கள் எல்லாமே கணக்குத்தான். வாசலில் கோலப்புள்ளியும் அப்படித்தான். நாலு புள்ளி நாலு வரிசை வைத்தால் 16. ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்தால் 25. இதற்கு நேர்ப்புள்ளிக் கோலம்தான் சரி. இடுக்குப்புள்ளியில் வரிசைக்கு வரிசை புள்ளி மாறும், அது வேறு கணக்கு.

தமிழில் சொன்னால் குழப்பமா?

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. “ஸ்கூல்ல கன்னடத்துல சொல்லித் தராங்க. நான் தமிழ்ல சொன்னா அவன் குழம்பிடுவானே?”

இந்தப் பயம் பெங்களூருவில் பல தமிழ் வீடுகளில் உண்டு. பிள்ளை கன்னடத்தில் படிக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் படிக்கும். தாய்க்குத் தமிழ்தான் தெரியும். அதனால் தாய் ஒதுங்கிக்கொள்கிறார்.

எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று. கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு. நான்கு அங்கே நால்கு. ஐந்து அங்கே ஐது. ஆறு அங்கேயும் ஆறுதான். ஏழு ஏளு ஆகிறது. எட்டு எண்டு ஆகிறது. ஒன்பது ஒம்பத்து. பத்து ஹத்து. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். அக்காள் தங்கை மாதிரி முகஜாடை இருக்கும்.

பள்ளியில் ‘எரடெரடலே நால்கு, எரடுமூரலே ஆறு’ என்று சொல்லுவார்கள். தமிழில் ‘ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு’ என்று சொல்லுவார்கள். ஓசை வேறு, பூ அதே பூ. 7 × 8 எந்த மொழியிலும் 56 தான். காகிதத்தில் எழுதும்போது பெரும்பாலும் ஒரே எண்களைத்தான் எழுதுகிறார்கள்.

அதனால் வீட்டில் தமிழில் சொல்லித்தரலாம். புரிந்த பிறகு, “இதை உங்க மிஸ் எப்படிச் சொல்வாங்க? எனக்குச் சொல்லு” என்று கேட்கலாம். பிள்ளை கன்னடத்தில் சொல்லிக்காட்டும். அம்மாவும் நாலு கன்னட எண் கற்றுக்கொள்வார். பிள்ளைக்கும் பெருமையாக இருக்கும். தாய்க்குச் சொல்லித்தருவது என்றால் எந்தப் பிள்ளைக்கும் உற்சாகம்தான்.

தமிழில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ஏழெட்டு’ என்றால் ஏழோ எட்டோ என்றும் பொருள். வாய்ப்பாட்டில் ‘ஏழெட்டு’ என்றால் 56. “ஏழெட்டு பூ கொடு” என்று கேட்டவரிடம் 56 பூ கொடுத்தால் அந்த அம்மாவின் வியாபாரம் என்ன ஆகும்?

நூறு கட்டம்

பக்கத்து வீட்டில் ஒரு பெண். ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறவள். அவள் ஒரு நாள் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் குறுக்கே 10, நெடுக்கே 10 கட்டம் போட்டாள்.

“அக்கா, 1-ல இருந்து 10 வரைக்கும் வாய்ப்பாடுன்னா மொத்தம் இந்த நூறு கட்டம்தான். பார்க்கப் பெரிசாத் தெரியும். குறைச்சுக் காட்டட்டுமா?”

முதலில் முட்டை அட்டைக் கணக்கு. திருப்பினாலும் அதே விடை. ஆகவே 3 × 8 வைத்துக்கொண்டால் 8 × 3 கட்டத்தை அடித்துவிடலாம். ஒரே எண் இரண்டு முறை வரும் கட்டங்கள் 10. அதாவது 1 × 1, 2 × 2 என்று 10 × 10 வரை. மீதி 90 கட்டம் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. அதில் பாதி போனால் 45. ஆக மிஞ்சுவது 55.

1-ஆம் வாய்ப்பாட்டைப் படிக்க வேண்டியதில்லை. அதில் 10 கட்டம். அடித்தால் மீதி 45. பத்தாம் வாய்ப்பாடு? எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் தீர்ந்தது. அதில் 9 கட்டம். அடித்தால் மீதி 36.

2-ஆம் வாய்ப்பாடு பையனுக்கு வரும். எதையும் அதே அளவு இன்னொரு முறை கூட்டினால் போதும். அதில் 8 கட்டம் போனது. மீதி 28. ஐந்தாம் வாய்ப்பாடு கடிகாரத்தில் இருக்கிறது. பெரிய முள் 3-இல் நின்றால் 15 நிமிடம், 7-இல் நின்றால் 35 நிமிடம். விடை 0-விலோ 5-இலோதான் முடியும். அதில் 7 கட்டம் போனது. மீதி 21.

9-ஆம் வாய்ப்பாட்டுக்குக் கையே போதும். பத்து விரலையும் நீட்டுங்கள். 9 × 4 வேண்டும் என்றால் இடப்பக்கம் இருந்து நாலாவது விரலை மடக்குங்கள். அதற்கு இடப்பக்கம் 3 விரல். வலப்பக்கம் 6 விரல். விடை 36. 9 × 7 என்றால் ஏழாவது விரலை மடக்குங்கள். இடப்பக்கம் 6, வலப்பக்கம் 3. விடை 63. இதில் 6 கட்டம் போனது. மீதி 15.

நூறு கட்டம் பதினைந்து ஆகிவிட்டது. பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விடவில்லை. “3-க்கு என்ன செய்யணும்? 2 தடவை போட்டு இன்னொரு தடவை கூட்டு. 3 × 7-னா, ரெண்டு ஏழு 14, இன்னொரு ஏழு 21. 4-க்கு? இரட்டிச்சு, மறுபடி இரட்டி. 4 × 7-னா, ரெண்டு ஏழு 14, ரெண்டு பதினாலு 28.” 3-உம் 4-உம் சேர்ந்த 9 கட்டங்களும் போயின.

கடைசியில் 6 கட்டம் நின்றது. 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. இந்த ஆறும்தான் முரட்டுக் கட்டங்கள். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரியவர்களும் இங்கேதான் ஒரு விநாடி யோசிப்பார்கள்.

மூடிய கை, நீட்டிய விரல்

இந்த ஆறுக்கும் ஒரு பழைய விரல்கணக்கு உண்டு. பல நாடுகளில் மக்கள் பயன்படுத்தியது.

7 × 8 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் மூடிக்கொள்ளுங்கள். 7 என்பது 5-ஐ விட 2 அதிகம். இடது கையில் 2 விரலை நீட்டுங்கள். 8 என்பது 5-ஐ விட 3 அதிகம். வலது கையில் 3 விரலை நீட்டுங்கள். நீட்டிய விரல்கள் மொத்தம் 5. ஒவ்வொன்றுக்கும் பத்து. ஆக 50. இனி மடங்கிய விரல்களைப் பாருங்கள். இடது கையில் 3, வலது கையில் 2. இவற்றைப் பெருக்குங்கள். 3 × 2 = 6. 50-உம் 6-உம் 56.

8 × 8 செய்து பாருங்கள். நீட்டியது 3-உம் 3-உம், 60. மடங்கியது 2-உம் 2-உம், பெருக்கினால் 4. விடை 64. 6 × 7-இல் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீட்டியது 1-உம் 2-உம், 30. மடங்கியது 4-உம் 3-உம், பெருக்கினால் 12. முப்பதும் பன்னிரண்டும் 42. 6 × 6-உம் இப்படித்தான், 20-உம் 16-உம் 36.

விரல் விட்டு எண்ணுவது கேவலம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. நடக்கப் பழகும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் தானே கையை விடும்.

முறையான பள்ளிப் படிப்பு இல்லாத கணிதமேதை

பெங்களூருவில் 1929-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. சகுந்தலா தேவி என்று பெயர். அவருடைய அப்பா சர்க்கஸில் வித்தை காட்டியவர். வீட்டில் வறுமை. மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பா அவளோடு சீட்டு விளையாடினார். சீட்டுகளின் எண்களை அவள் அப்படியே மனதில் வைத்திருந்ததைக் கண்டு அசந்து போனார். முறையான பள்ளிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

1980 ஜூன் 18-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். 13 இலக்க எண் ஒன்று. இன்னொரு 13 இலக்க எண். இரண்டையும் மனதுக்குள்ளேயே பெருக்க வேண்டும். 28 விநாடியில் சரியான விடையைச் சொன்னார். விடை 26 இலக்கம்! 1982-இல் இது கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. ‘மனிதக் கணினி’ என்று அவரை அழைத்தார்கள். 2013 ஏப்ரலில் பெங்களூருவிலேயே காலமானார்.

எல்லாப் பிள்ளைகளும் அவரைப்போல் ஆக முடியாது. ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்களோடு அவருக்கு முதலில் பழக்கம் ஏற்பட்டது வீட்டில், அப்பாவோடு ஆடிய விளையாட்டில்.

சீட்டு விளையாட்டை எந்த வீட்டிலும் ஆடலாம். காலண்டர் அட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் ‘6 × 7’ என்று எழுதுங்கள். பின்பக்கம் ‘42’ என்று எழுதுங்கள். மிஞ்சிய 15 கட்டத்துக்கும் 15 சீட்டு. பிள்ளை சரியாகச் சொன்ன சீட்டு அதன் பக்கம். தப்பினால் அம்மா பக்கம். அம்மா பக்கம் இருப்பதை மட்டும் நாளைக்குத் திரும்ப ஆடினால் போதும். தெரிந்ததையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும். பின்பக்கம் விடை இருப்பதால், வாய்ப்பாடு தெரியாத தாயும் ஆடலாம். எண் படிக்கத் தெரிந்தால் போதும்.

திண்ணையும் எண்சுவடியும்

வாய்ப்பாட்டை ஒப்பிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. முற்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். பிறகு ஓலைக்குப் போவார்கள். எண்சுவடி என்பது அவர்களின் வாய்ப்பாட்டு நூல். முழு எண்களோடு கால், அரை, முக்கால் போன்ற பின்னங்களுக்கும் அதில் வாய்ப்பாடு உண்டு. கூட்டமாகச் சத்தம் போட்டு ஒப்பிப்பார்கள். வெறும் ஒப்பித்தலோடு நிற்கவில்லை. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

பெண்பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்றைக்குப் பள்ளிக்கூடங்களே கையில் பொருளைக் கொடுத்துக் கணக்குச் சொல்லித்தரும் வழிக்கு வந்திருக்கின்றன. பெங்களூருவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அட்சரா அறக்கட்டளை, கர்நாடக அரசுடன் சேர்ந்து ‘கணித கலிகா ஆந்தோலனா’ என்ற வேலையைச் செய்தது. கணிதம் கற்கும் இயக்கம் என்பது அதன் பொருள். அரசுப் பள்ளிகளுக்குக் கணிதப்பெட்டி கொடுத்தார்கள். எண்ணவும் அடுக்கவும் அளக்கவும் பெட்டியில் பொருள்கள் உண்டு. பூக்கூடையும் முட்டை அட்டையும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பத்து நிமிடம்

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை பசியோடு இருக்கும்போது வேண்டாம். தூக்கம் வரும்போதும் வேண்டாம். ஒரு வாரம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதால் பயன் இல்லை.

தப்பாகச் சொன்னால் உடனே “தப்பு” என்று அதட்டவேண்டாம். பையன் 6 × 7 = 43 என்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அஞ்சு ஏழு எவ்வளவு?” என்று கேளுங்கள். “35.” “இன்னொரு ஏழு?” “42.” அவனே திருத்திக்கொள்வான். இன்னொரு சோதனையும் உண்டு. 6-ஆம் வாய்ப்பாட்டில் விடை எப்போதும் இரட்டைப்படைதான். 43 ஒற்றைப்படை. அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடித்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டிலேயே பார்த்தாயிற்று. பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதும் அடிப்பது மாதிரிதான். பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுவதும் நல்லது. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் பிள்ளை பயப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த அம்மா போனார். அடுத்த வாரம் முதல் பையனைத் தனியாக நிற்க வைக்காமல், இரண்டு பேராகச் சேர்ந்து சொல்லச் சொன்னார்கள்.

பூஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 × 0 எவ்வளவு என்று கேட்டால் பல பிள்ளைகள் 5 என்பார்கள். 5 காலிக் கூடையை வைத்துக் காட்டலாம். பெங்களூருவில் இன்னும் சுலபமான வழி உண்டு. 2023 ஜூன் 11-இல் கர்நாடகத்தில் ‘சக்தி’ திட்டம் தொடங்கியது. கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. நடத்துநர் பூஜ்யம் ரூபாய்ச் சீட்டுக் கொடுப்பார். அம்மா, பாட்டி, அத்தை மூன்று பேரும் மார்க்கெட்டுக்குப் போனால் மொத்தம் எவ்வளவு? 3 × 0. பையன் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

எத்தனை பெட்டி?

அப்பாவுக்கு ஒரு நாள் புது வேலை வந்தது. ஓர் அறைக்கு டைல்ஸ் பதிக்கவேண்டும். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். டைல்ஸ் 2 அடிக்கு 2 அடி. ஒரு பெட்டியில் 4 டைல்ஸ். அவர் சாப்பிட்டுக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அடி விழுந்த நாளில் இருந்து அப்பாவிடம் அவன் கணக்கைப் பற்றிப் பேசியதில்லை.

அம்மாதான் சொன்னார். “அவனைக் கேளுங்களேன்.”

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, தரையில் விரலால் ஒரு கட்டம் கிழித்தார். “இந்தப் பக்கம் 12 அடி. ஒரு டைல்ஸ் 2 அடி. எத்தனை டைல்ஸ் நிக்கும்?”

“ஆறு.”

“இந்தப் பக்கம் 10 அடி.”

“அஞ்சு.” பையன் கட்டத்தையே பார்த்தான். “முட்டை அட்டைப்பா! ஆறு அஞ்சு முப்பது.”

அப்பாவுக்கு முட்டை அட்டை புரியவில்லை. முப்பது சரி என்பது புரிந்தது. “பெட்டிக்கு நாலு. எத்தனை பெட்டி வாங்கலாம்?”

பையன் பூ கட்டுவதுபோல் விரலை முடிச்சு முடிச்சாக நகர்த்தினான். “ஏழு பெட்டி வாங்கினா 28. ரெண்டு குறையுது. எட்டு வாங்கணும். 32. ரெண்டு மிஞ்சும்.”

“ஒடைஞ்சா?” என்றார் அப்பா.

பையன் யோசித்தான். உடைசலை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

“அப்ப ஒம்பது பெட்டி” என்றான். உடனே பத்து விரலையும் நீட்டினான். நாலாவது விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். “36.”

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு இட்லிச் சட்டியில் எத்தனை தட்டு? ஒரு தட்டில் எத்தனை குழி? ஒரு தடவை வேக வைத்தால் எத்தனை இட்லி? பிள்ளையை எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு முழம் பூ 25 ரூபாய். 2 மாரு பூவுக்கு எவ்வளவு? ஒரு மாருக்கு 4 முழம் என்பதை மறக்கவேண்டாம்.

பழைய காலண்டர் தாளில் நூறு கட்டம் போடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்ததை எல்லாம் அதன் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை மிஞ்சுகிறது?